அவனுக்குத் தெரிஞ்ச ஒரே நம்பர்

எத்தனை தடவை போனை அணைச்சுப் போட்டாலும் அதேதான் வருது, மேல் மூலையில ஒரு பெருக்கல் குறி, சிம் இருக்கு ஆனா சிக்னல் இல்லை. பஸ்ஸு மாடியில ஏறினா கிடைக்கும்னு நினைச்சு ஏறியிருக்கேன் பாரு, கூறுகெட்டவ, தென்காசி சிம்முக்கு லிமெரிக் பஸ்ஸு மாடியில என்ன தனியா டவரா நட்டு வச்சிருக்கான். கண்ணாடியில மழை வழியுது. இங்க எப்பவும் வழியும். முன் சீட்டுல ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டுத் தூங்குது. நாப்பது நிமிஷம் இருக்கு முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர, போய் யூனிஃபார்மை மாட்டிட்டேன்னா அதுக்கப்புறம் நான் ஆவுடைத்தங்கம் இல்லை, ஆவா, எல்லாரும் ஆவா ஆவான்னு கூப்பிடுவாங்க, நானும் சிரிச்சிக்கிட்டே மாத்திரை வண்டியைத் தள்ளணும். அதுக்குள்ள எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும், இந்த நம்பர் உயிரோட இருக்கா இல்லையான்னு. வேற யாருக்கும் இது ஒரு விஷயமே இல்லை. பேங்க்குக்கு வேற நம்பர் கொடுத்தாச்சு, சொந்தக்காரங்க எல்லாம் இந்த ஊரு நம்பருக்கு வாட்ஸப்புல பேசிக்கிடுதாங்க. உலகத்துல ஒரே ஒருத்தனுக்குத்தான் இந்தப் பத்து நம்பர் வேணும், என் தம்பி நயினாருக்கு. அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது, எட்டு வருஷமாத் தெரியாது. அவனுக்கு என்னைப் பத்தி மிச்சம் தெரிஞ்சது இந்த நம்பர் மட்டும்தான்.

காலையில டிராயரைத் திறந்தது சாக்ஸுக்காக. கம்பளிச் சாக்ஸுக்கு அடியில கெடந்துச்சு போன். ரெண்டு நாளைக்குன்னு வச்சது. எப்ப வச்சே, சொல்லுட்டி, எப்ப வச்சே? போன ஆடியில. ஆடி, ஆவணி, புரட்டாசி, விரலை மடக்கி எண்ணவே பயமா இருக்கு, இப்ப பங்குனி. அம்மா தாயே, எட்டு மாசம். நான் என்ன வேணும்னா வச்சேன், அந்தச் சவத்துப் பய பிளாட்டுக்காரன், "மேடம், தென்காசி பைபாஸ்ல ரெண்டரை சென்ட்"னு விடியக்காலம் நாலரைக்குக் கூப்பிடுவான், அவனுக்கு அங்க ஒன்பது மணி, கடை திறந்தாச்சு. அவன் வச்சா லோன்காரி, லோன்காரி வச்சா இன்சூரன்ஸு. ஒவ்வொரு தடவையும் மணி அடிக்கையில நயினாதான், நயினாதான்னு இருட்டுல போனைத் தடவி எடுத்து, "ஹலோ லே, நயினா"ன்னா, "குட் மார்னிங் மேடம்." எத்தனை நாளு தாங்கும் ஒரு மனுசிக்கு. அவன்தான்னா எடுக்கணும், அவன்தான்னு எடுக்காமத் தெரியாது, அதனால எல்லாத்தையும் எடுக்கணும். ஒரு நாளு அப்படியே அணைச்சு உள்ள தள்ளி டிராயரைச் சாத்தினேன். சொன்னா வெக்கம், நல்லா இருந்துச்சு. அன்னைக்குத்தான் விடியுற வரைக்கும் தூங்கினேன். மறுநாள் எடுக்கணும்னு நினைச்சேன், மறுநாளும் தூக்கம் நல்லா வந்துச்சு. அப்படியே எட்டு மாசம். யாராவது கேட்டா என்ன சொல்ல, தம்பியை டிராயருக்குள்ள போட்டுப் பூட்டிட்டுத் தூங்கினேன்னா சொல்ல முடியும்?

ஆனா அணைச்சு வச்சா என்ன, பணம் கட்டியிருந்தா நம்பர் கெடக்கும்ல, அதுதானே என் தைரியம். ஒரு வருஷத்துக்கு மொத்தமாப் போட்டாச்சுன்னு இவுகதானே சொன்னாக. இவுகன்னா என் வீட்டுக்காரரு, செண்பகராமன். இங்க உள்ள கார்டை அந்த ஆப்பு எடுக்கலைன்னு தென்காசியில இருக்க அவுக கூட்டாளி சொரிமுத்துட்டச் சொல்லி, சொரிமுத்து அண்ணன் போட்டாச்சு மாப்ளன்னு கட்டைவிரலைத் தூக்கி ஒரு படம் அனுப்பிட்டாரு. காலையில போன்ல அவரைப் பிடிச்சுக் கேட்டா, "போட்டேனேம்மா, செண்பகம் அயர்லாந்துன்னு வச்சிருக்கேன்ல அந்த நம்பருக்கு." அந்தப் பேருல ரெண்டு நம்பர் கெடந்திருக்கு, அவுகளோடது ஒண்ணு, என்னோடது ஒண்ணு. மேல இருந்ததுக்குப் போட்டிருக்காரு. அவுக சிம்மும் இங்க ஒரு டப்பாவுக்குள்ள கெடக்கு, அது தெம்பா ஒரு வருஷம் வாழ்ந்திருக்கு, ஒரு நாதி கூப்பிடாத நம்பர். என்னோடது பட்டினி கெடந்து போயிருக்கு. சரி இப்பப் போடுவோம்னு ஆப்புக்குள்ள போனா ஓடிபி கேக்குது. ஓடிபி எங்க வரும், இந்த நம்பருக்கு வரும். இந்த நம்பர் எப்ப வேலை செய்யும், ஓடிபி போட்டா வேலை செய்யும். பாத்ரூமுக்குள்ள நின்னுக்கிட்டே சிரிச்சேன், "என்னட்டி ஆச்சு"ன்னு இவுக வெளிய நின்னு கேக்காக, ஒண்ணுமில்லைன்னு தண்ணியைத் திறந்து விட்டேன்.

அவனுக்கு அந்த நம்பரைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். மண்டைக்குள்ள ஆள் பேசுதுன்னு சொல்ல ஆரம்பிச்ச காலம், தலையில கரகத்தோட கும்பாட்டம் ஆடுறவன் மாதிரி தெருத்தெருவாப் போயிருவான், தேடிக் கூட்டியாரணும். அதனால சோத்துல உக்காந்தா நம்பர் சொன்னாத்தான் குழம்பு. வாய்ப்பாடு மாதிரி இழுத்துச் சொல்லுவான், கடைசி ரெண்டு எண்ணை மட்டும் தூக்கிச் சொல்லுவான், சொல்லிட்டு, "சரியா?"ம்பான். சரிலே, தின்னு. சட்டைக் காலருக்குள்ள வேற அழியாத மையில எழுதி வச்சேன். இருபத்தாறு வயசு ஆம்பளப் பிள்ளை, காலர்ல அக்கா நம்பர். மாத்திரை மறந்துருவான், தேதி மறந்துருவான், அம்மா செத்ததைக்கூட ரெண்டு தடவை மறந்து, அம்மா எங்கன்னு கேட்டிருக்கான், நம்பரை மறக்க மாட்டான். அந்த மண்டைக்குள்ள எத்தனையோ பேரு கூச்சல் போட்டாலும் அந்தப் பத்து எண்ணு மட்டும் அசையாம உக்காந்திருந்துச்சு. அதுதான் என்னைக் கொல்லுது. அவன் மறந்திருந்தா எனக்கு இப்ப இந்தப் பாடு இல்லை.

நான் ஏன் அன்னைக்கு அப்படிச் சொன்னேன். நினைக்கப்பிடாதுன்னு நினைச்சாலும் இந்த ரவுண்டானா வந்தவுடனே பஸ்ஸு சாயுற மாதிரி மனசு அங்கனதான் சாயுது. அயர்லாந்து ஏஜெண்டு நாளைக்கு ஒரிஜினல் கொண்டாங்கன்னு சொல்லியிருந்தான். நர்சிங் சர்ட்டிஃபிகேட், மார்க் ஷீட்டு, அனுபவச் சான்றிதழ், எல்லாம் ஒரு பையில. நான் கடைக்குப் போயிட்டு வந்து பாத்தா கொடியில காயப் போட்டிருக்கான். சோப்புத் தண்ணியில முக்கித் துவைச்சு, பிழிஞ்சு, கிளிப்பு போட்டு, வரிசையா. என் பன்னண்டு வருஷம் மையா வடிஞ்சு தரையில நீலமா ஓடுது. முகம் எல்லாம் சிரிப்பு. "அழுக்கா இருந்துச்சுக்கா. வெளிநாட்டுக்காரன் என்ன நினைப்பான்." அடிச்சேன். கன்னத்துல ரெண்டு. "எங்கேயாவது போய்த் தொலைலே, என் கண்ணுல முழிக்காத"ன்னேன். அவன் கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு, கோவமே இல்லை, விலாசம் கேக்க மாதிரி கேட்டான், "எங்க போகட்டும்?" நான் எங்கேயாவதுன்னேன். இடுப்புல கட்டம் போட்ட சாரமும் பழைய சட்டையுமா எந்திரிச்சுப் போனான். தெருமுனைக்குப் போயிட்டுத் திரும்பிருவான்னு உள்ள போயி அந்தக் காகிதத்தை எல்லாம் அயர்ன் பண்ணிக்கிட்டு இருந்தேன். சொன்ன சொல்லு மாறாத பிள்ளை அவன், இன்னைக்கு வரைக்கும் எங்கேயாவதுதான் இருக்கான்.

மூணு தடவை கூப்பிட்டிருக்கான். மூணே மூணு. ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். முதல்ல ஒண்ணரை வருஷம் கழிச்சு, யாரு போன்லயோ, "அக்கா, நான்தான்." எங்கல இருக்க? "இருக்கேன்." எங்கலே? "சாஸ்தா கோயிலுக்குப் போனியா?" பங்குனி உத்தரம் அன்னைக்கு. எந்த ஊருல எந்தத் தெருவுல கெடந்தாலும் அன்னைக்கு எங்க ஆளுக அவுகவுக குலசாமி சாஸ்தாவைத் தேடிப் போயிருவாங்க, அவனுக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரிஞ்சுச்சோ. போனேன்னேன். வச்சிட்டான். திருப்பி அடிச்சா சோலாப்பூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீக்கடைக்காரன், இந்தியில கத்துதான், ஊரு பேரைத் தவிர எனக்கு ஒரு எழவும் விளங்கலை. ரெண்டாவது, டூப்ளிகேட் சர்ட்டிஃபிகேட் வாங்கி நான் இங்க வந்தாச்சு, கையில உறையை மாட்டிக்கிட்டு ஒரு கிழவருக்குப் புண்ணுக்கு மருந்து வச்சிக்கிட்டிருந்தேன், எடுக்க முடியலை. வெளிய வந்து கூப்பிட்டா லாரி டிரைவர், சேலத்துக்காரன், நல்ல மனுசன், "அந்த அண்ணன் டோல்கேட்ல இறங்கிட்டாருங்க, இங்க நாக்பூர் தாண்டி." மூணாவது, அது வந்து இப்ப மூணு வருஷமாவுது, நாலு நிமிஷம் பேசினான். குரல் தடிச்சிருந்துச்சு. "வெளியூர்லயா இருக்க, சத்தம் வேற மாதிரி கேக்கு." இல்லலே, வீட்டுலதான் இருக்கேன், வான்னேன். பொய். வரட்டுமேன்னு சொன்ன பொய். "வாறேன்"னான். எப்ப? "வாறேன்." வந்திருந்தான்னா? தென்காசி வீட்டுல வாடகைக்கு ஆள் இருக்கு, தாடியும் கந்தலுமா ஒருத்தன் வாசல்ல நின்னு அக்கான்னு கூப்பிட்டா என்ன செய்வாங்க, போ போம்பாங்க. அன்னைக்கே இந்த ஊரு நம்பரையும் சொல்லிக் கொடுக்கப் பாத்தேன், ஜீரோ ஜீரோ மூணு அஞ்சு மூணுன்னு. "அது யாரு நம்பர்?"னு கேட்டான். என் நம்பர்தாம்லேன்னா, "உன் நம்பர் எனக்குத் தெரியுமே"ன்னு பழையதை ஒப்பிக்கான், அதே இழுவையில. சரியா? சரிலே.

ஆத்துப் பாலம் வந்தாச்சு. பாதி தூரம். இப்பக் கூப்பிட்டுப் பாக்கணும், என் நம்பரை நானே. வேற வழியில்லை. இவுக காலையில சொன்னாக, "கூப்பிட்டு என்ன செய்யப் போற, அவன் இருந்தா இத்தனை வருஷத்துல வந்திருக்க மாட்டானா." மெதுவாத்தான் சொன்னாக, கெட்ட மனசு இல்லை, நான் கும்பிட்டுக்கிட்டே வெளிய வந்துட்டேன், இன்னொரு வார்த்தை கேட்டா அழுதிருப்பேன். உபயோகத்தில் இல்லைன்னு அந்தப் பொம்பளக் குரல் சொன்னா நல்லது. அப்படின்னா நம்பர் யாருக்கும் போகலை, சொரிமுத்து அண்ணனை விட்டு ஆபீஸ்ல மன்னாடிக் கேக்கலாம், என் ஆதாரு இருக்கு, அழலாம், கால்ல விழலாம். உபயோகத்தில் இல்லைன்னு சொல்லு சாஸ்தா, அது போதும். இந்த ஊரு போன்ல பச்சையைத் தொட்டேன். ஒண்ணும் கேக்கலை. அப்புறம் பாட்டு வருது, மாரியம்மன் பாட்டு, உடுக்கையோட. மடியில கெடக்க பழைய போனைப் பாக்கேன், அது அசையாமக் கெடக்கு. என் நம்பர் எங்கேயோ வேற வீட்டுல அடிக்குது.

கட்டாயிருச்சு. திரும்ப அடிச்சேன். எடுத்தா ஒருத்தி, சின்னப் பிள்ளை குரல், பின்னாடி குக்கர் விசில். "யாருங்க?" போனைக் காதோட அமுக்கிக்கிட்டேன். "யாருங்க, லாட்டரின்னா வேணாம், நம்பரே என்னமோ மாதிரி இருக்கு." இல்லம்மா, வச்சிராத தாயி, வச்சிராத, இது என் நம்பரு, அதாவது இருந்துச்சு, என் பேரு ஆவுடைத்தங்கம்னேன். அங்கிட்டுக் குக்கரை அணைக்க சத்தம். "ஆவுடைத்தங்கம் மேடமா?" அப்படிக் கேக்கும்போதே அந்தக் குரல் மாறிப் போச்சு, பயந்த மாதிரி. ராஜபாளையமாம், பேரு மாரீஸ்வரியாம், கல்யாணத்துக்கு அப்புறம் புதுசா வாங்கின சிம்மாம், மூணு மாசம் ஆச்சாம். "உங்களைக் கேட்டுத்தான்க்கா மொதல்ல எல்லாம் தெனமும் போனு. பிளாட்டு, லோனு, சீட்டு, ஒரு நாளைக்குப் பத்துப் பேரு. ராங் நம்பர்னா விட மாட்டாங்க, மேடம் இல்லைன்னா எப்ப வருவாங்கம்பாங்க." அது கெடக்கட்டும் தாயி, ஒரு ஆம்பளை கூப்பிட்டானா, மேடம்னு இல்லை, அக்கான்னு, நயினாருன்னு பேரு சொன்னானா? பள்ளிக்கூடத்துப் பிள்ளை முழிச்சுத் திரும்பிப் பாக்குது, நான் தமிழ்ல கத்தியிருக்கேன் போல. கேக்கேன்ல, சொல்லும்மா. "பேரு சொல்லலக்கா. ஆனா ஒருத்தர் அக்கான்னாரு."

எப்ப? "சிவராத்திரிக்கு மறுநாள். ஆவுடை அக்கா இருக்காளான்னாரு. வேற யாரோ போன் போல, வண்டிச் சத்தமா கேட்டுச்சு." நீ என்ன சொன்ன? "அக்கா, தப்பா எடுத்துக்கிறாதீங்க." நீ என்ன சொன்னட்டி? அவளை ஏட்டி போட்டின்னு பேசுதேன், முன்ன பின்ன தெரியாதவளை. அவ மூக்கை உறிஞ்சுதா. "எங்க வீட்டுக்காரர்தான்க்கா சொல்லிக் குடுத்தாரு. அந்தம்மா இறந்துட்டாங்கன்னு சொல்லு, அப்புறம் ஒரு பய கூப்பிட மாட்டான்னு. சொல்லிப் பாத்தேன், நெசமாவே நின்னு போச்சு, ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. அவரும் அந்த மாதிரி ஆளுதான்னு நெனச்சு, வாய்ப்பழக்கத்துல..." சொல்லிட்டியா. "சொல்லிட்டேன்க்கா." அவன் என்ன சொன்னான்? "வைக்கலக்கா. மத்தவங்க எல்லாம் சாரின்னு வச்சிருவாங்க, அவரு வைக்கல. எப்போன்னு கேட்டாரு. நான் போன மாசம்னுட்டேன். அப்புறம் ரொம்பக் கஷ்டப்பட்டாளான்னு கேட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. இல்லைங்க, தூக்கத்துலயே போயிட்டாங்கன்னேன். பாவமா இருந்துச்சு, அதான் அப்படிச் சொன்னேன்." நல்லதும்மான்னேன். நான்தான் சொன்னேன், நல்லதும்மான்னு, எந்த நாக்கு சொல்லுச்சோ. எந்த நம்பர்லருந்து வந்துச்சுன்னு பாரேம்மா. "அழிச்சிட்டேன்க்கா, போனு இடம் இல்லைன்னு மாட்டுது, வாராவாரம் எல்லாத்தையும் அழிச்சிருவேன். திரும்பக் கூப்பிட்டாருன்னா நீங்க உயிரோட இருக்கீங்கன்னு சத்தியமாச் சொல்றேன்க்கா. உங்க நம்பரை எழுதி வச்சிக்கிடுறேன், சொல்லுங்க. ஜீரோ ஜீரோ, அப்புறம்?" சொன்னேன். ஒவ்வொண்ணாச் சொன்னேன். எழுதிட்டுத் திரும்பப் படிச்சா, சரியாங்க்கான்னா. செத்தவ நம்பருக்கு யாரு தாயி திரும்பக் கூப்பிடுவா.

இறங்க வேண்டிய ஸ்டாப்பு போயிருச்சு. பட்டனை அமுக்கணும், அமுக்கலை, பஸ்ஸு எனக்குத் தெரியாத தெருவுக்குள்ள போகுது. போகட்டும். சிவராத்திரிக்கு மறுநாள் நான் என்ன செஞ்சேன், லீவு, மதியம் வரைக்கும் தூங்கினேன். அவன் அந்தப் போனைக் கொடுத்தவன் கையில திருப்பிக் கொடுத்திருப்பான். ரோட்டோரம் நின்னிருப்பான். எத்தனை மாத்திரை மறந்தாலும், எந்த ஆளு மண்டைக்குள்ள பேசினாலும், எங்க வீட்டுல பிறந்தவனுக்கு இது மட்டும் தெரியும், சாவுச் சேதி காதுல விழுந்தா குளிக்காம இருக்கப்பிடாது. ஏதாவது ஒரு ஹோட்டல் பின்பக்கமோ, லாரி கழுவுற இடமோ தேடிப் போயிருப்பான், ஒரு வாளி தண்ணி கேட்டிருப்பான், எந்தப் பாஷையில கேட்டானோ. எதுக்குன்னு கேட்டிருப்பாங்க. "எங்க அக்கா செத்துப்போயிட்டா"ன்னு சொல்லியிருப்பான்.